ஏழுக்கு ஏழு தோல்வி: டீம் மோசமா, சீசன் சின்னதா?

2023 டி.என்.பி.எல் பாயின்ட்ஸ் டேபிளோட கடைசி வரியைப் பாருங்க. திருச்சி: ஏழு மேட்ச், ஏழும் தோல்வி. நம்ம திண்டுக்கல் டிராகன்ஸ் அந்த வருஷம் பிளே-ஆஃப் போனதால, பக்கத்து ஊரைக் கலாய்க்க நமக்கு ரொம்ப வசதி.

ஆனா ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒவ்வொரு மேட்ச்லயும் ஜெயிக்க 30 சதவீத வாய்ப்பு இருக்குற ஒரு சுமாரான டீம்னு வச்சுக்கோங்க. அது ஏழும் தோற்க எவ்வளவு வாய்ப்பு? 0.7-ஐ ஏழு தடவை பெருக்கினா, சுமார் 8 சதவீதம். அதாவது பன்னிரண்டு சீசனுக்கு ஒரு தடவை இது சும்மாவே நடக்கும்.

இப்போ அமெரிக்க பேஸ்பாலுக்கு வருவோம். 1899-ல கிளீவ்லேண்ட் ஸ்பைடர்ஸ் 154 மேட்ச் ஆடி 134 தோத்தாங்க. இதே 30 சதவீத டீம்னா சராசரியா 46 ஜெயிச்சிருக்கணும். ஜெயிச்சது 20. இதுக்குக் காரணம் கெட்ட நேரம் இல்லை. ஓனர்கள் செயின்ட் லூயிஸ் டீமையும் வாங்கி, சை யங் மாதிரி நல்ல பிளேயர்களை அங்கே மாத்திட்டாங்க.

நீளமான சீசன் டீமோட தரத்தைக் காட்டிக் கொடுத்துடும். ஏழு மேட்ச் சீசன்ல பாதி அதிர்ஷ்டம் கலந்திருக்கும். ஆனா டி.என்.பி.எல் ஆடுற பசங்களுக்கு ஐ.பி.எல் ஆளுங்க கண்ணுல பட வருஷத்துக்குக் கிடைக்குறது அந்த ஏழுதான். ஒரு டேபிளைப் பார்த்து அவங்களை ஓரங்கட்டிடாதீங்க. முதல் ரெண்டு சீசன்ல டேபிளோட அடியில கிடந்த மதுரைதான், 2018 ஃபைனல்ல நம்ம டிராகன்ஸையே அடிச்சு கப்பைத் தூக்கினாங்க.