ஊடுகதிர்ப் படமும் முதலீட்டாளர் நாட்டமும்

கல்முனைக் கரையோரத்தில், மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை நெருங்கிக் கிடக்கும் ஊர்களிலே, நாட்பட்ட இருமலென்று வைத்தியசாலைக்குச் செல்வோர்க்குப் பெரும்பாலும் முதலில் எடுக்கப்படுவது நெஞ்சின் ஊடுகதிர்ப் படமே. படம் எடுத்தல் சில நிமிட வேலை. அதனைப் படித்துப் பொருள் கூறவல்ல கதிரியக்கவியல் நிபுணரோ கல்முனையில் மட்டுமன்று, உலகின் பல பாகங்களிலும் அரியர். இவ்விடைவெளியை நிரப்ப எழுந்த கணினி மென்பொருளை நாடியே இன்று பெருமுதல் வந்து குவிகின்றது.

மருத்துவப் படத்தை நம்பிப் பணமிடுதல் புதிய வழக்கமன்று. இசைத்தட்டினாற் பெயர்பெற்ற இ.எம்.ஐ. என்னும் ஆங்கிலேயக் கம்பனியிற் பணியாற்றிய கொட்ஃபிறி ஹவுன்ஸ்ஃபீல்ட், பல கோணங்களிற் பெற்ற ஊடுகதிர் அளவைகளைக் கணினியால் ஒன்றுசேர்த்து, உடலின் குறுக்குவெட்டைக் காட்டும் கருவியை அமைத்தார். 1971 ஒக்டோபர் 1ஆந் திகதி இலண்டன் அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையிலே ஒரு பெண்ணின் மூளை முதன்முதலாக அவ்வாறு படமாக்கப்பட்டது. பீற்றில்ஸ் பாடகர் ஈட்டிய பணமே இக்கருவியை ஈன்றதென்று கூறுவாருளர். பிரித்தானிய அரசின் சுகாதாரத் திணைக்களம் ஈந்த பணம் கம்பனி இட்டதினும் பெரிதென்பதை அவர் மறந்தனர் போலும். 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்ட், அலன் கொர்மக்குடன் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் இ.எம்.ஐ., மருத்துவக் கருவி வணிகத்திற் பெருநட்டமுற்று, தோர்ன் கம்பனியின் கைக்குச் சென்றது.

மென்பொருளின் இயல்பு வேறு. கருவியை ஒவ்வொன்றாகச் செய்து கப்பலேற்றவேண்டும்; மென்பொருளையோ ஒருமுறை ஆக்கினால், ஆயிரம் வைத்தியசாலைக்கும் மிகச் சிறு செலவிற் படியெடுத்துக் கொடுக்கலாம். 1993 முதல் டைக்கொம் என்னும் பொதுவிதி பரவியமையால், எவருடைய கருவியில் எடுத்த படமும் ஒரே முறையிற் சேமிக்கத்தக்கதாயிற்று. முதலீட்டாளர் கண்ணுக்கு இவ்விரண்டும் இனியன. மும்பையில் 2016இல் தோன்றிய கியூர் நிறுவனம் இதற்குச் சான்று. நெஞ்சுப் படத்திற் காசநோயின் அறிகுறியைக் கணினி கொண்டு தேடும் இந்நிறுவனத்திற்கு 2020இல் 16 மில்லியன், 2022இல் 40 மில்லியன், 2024இல் 65 மில்லியன் டொலர் முதலீடு கிடைத்தது. இடையே, 2021இல், பதினைந்து வயதும் அதற்கு மேலுமானோரிடத்துக் காசநோயைத் தேட இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தலாமென உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தமை கவனிக்கத்தக்கது.

எனினும் பெருமுதல் என்றும் வெற்றி தருவதில்லை. மருத்துவப் பட மென்பொருளில் வல்ல மேர்ஜ் நிறுவனத்தை 2015இல் ஏறத்தாழ நூறு கோடி டொலருக்கு வாங்கிய ஐ.பி.எம்., 2022இல் அப்பிரிவையே விற்று விலகியது.

இனி, பணத்தினும் ஆழமான ஒரு கேள்வி உண்டு. இம்மென்பொருள் எதனாற் கற்கின்றது? நோயாளரின் படங்களால். கியூர் ஆய்வாளர் 2018இல் வெளியிட்ட தலைப்பட ஆய்வுக்கு இந்திய நிலையங்களிலிருந்து மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் திரட்டப்பட்டன. இலங்கையின் அரச வைத்தியசாலைகளிலோ, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையாயினும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையாயினும், சிகிச்சை இலவசம்; படத்தின் செலவு மக்கள் வரிப்பணம். அவ்வாறு சேர்ந்த படங்கள் பிறர் இலாபத்திற்கு மூலப்பொருளாயின் அதற்கு ஈடு யாது? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவைச் சிறப்பு வகையில் வைத்துள்ளது. படத்தின் வணிகப் பெறுமதியைப் பங்கிடும் வினாவோ ஒப்பந்தம் எழுதுவோர் கையிலேயே தங்கிவிடுகின்றது.

மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. அமெரிக்காவில் 2018இல் வெளிவந்த ஆய்வொன்றில், நெஞ்சுப் படத்தில் நியுமோனியாவைத் தேடப் பயின்ற கணினி, படம் எந்த வைத்தியசாலையில் எடுக்கப்பட்டதென்பதையும் அறிந்துகொண்டு, அதனையே ஒரு துணையாகக் கொண்டமை தெரியவந்தது. பயின்ற இடத்திற் சிறந்த அது, பிற இடத்துப் படங்களிற் பெரும்பாலும் தளர்ந்தது. ஆகவே, பிறநாட்டிற் பயின்ற மென்பொருளைக் கல்முனை நோயாளரின் நெஞ்சுமீது நம்புமுன், கல்முனைப் படங்களையே கொண்டு, கல்முனை வைத்தியர் முன்னிலையில் அது சோதிக்கப்படுதல் வேண்டும். அச்சோதனைக்கான செலவு விலைப்பட்டியலில் இடம்பெறுவது அரிது.