குதிரைத் தடம் – 14: லாயம் காத்த குலம்

போன வாரம் அரபிக் குதிரைகள் காயல் துறையில் வந்திறங்கிய கதையைப் பார்த்தோம். ஆண்டுக்கு 1,400 குதிரைகள், தலைக்கு 220 பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கு எழுதிவைத்தார். அவ்வளவு விலை கொடுத்து வாங்கியவற்றில் பெரும்பாலானவை ஆண்டு திரும்புமுன் மடிந்தன. லாடம் அடிக்கத் தெரிந்தவர் இங்கே இல்லை, பேணும் பக்குவம் அறிந்தவர் இல்லை என்று மார்க்கோ போலோ காரணம் சொன்னார். குதிரையின் குலம் நிலைக்க ரத்தம் மட்டும் போதாது. அதன் குணம் அறிந்த ஒரு குடும்பமும் லாயத்தில் வேண்டும். இதைப் புத்தகத்தில் படிக்கும் முன்பே எங்கள் வீட்டுக் கொல்லையில் கண்டிருக்கிறேன்.

பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே, கவரைப்பேட்டையில் தாத்தா ஜட்கா ஓட்டினார். ரயிலைவிட்டு இறங்குகிறவர்களைச் சுற்றுக் கிராமங்களுக்கும் சிறுவாபுரி முருகன் கோயிலுக்கும் கொண்டுபோய் விடுவார். ஓலை வேய்ந்த லாயத்தில் விடியும் முன்பே ஊறிய கொள்ளும் பச்சைப் புல்லும் மணக்கும். வைக்கோலை முறுக்கிக் குதிரையின் உடம்பைத் தேய்ப்பார். குளம்பைத் தூக்கி, லாடத்தில் சிக்கிய கல்லை எடுப்பார். அதன் பிறகுதான் அவருக்குக் காபி.

எல்லாம் நாட்டு மட்டக் குதிரைகள். ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் அந்தியூர்ச் சந்தையில் அவர் வாங்கிவந்த பெட்டைக் குதிரையிலிருந்து எங்கள் லாயத்தின் குலம் தொடங்கியது. சந்தையில் பல்லைப் பார்த்து வயதையும், சுழியைப் பார்த்து ராசியையும் சொல்வார்கள். தாத்தா அதோடு நிற்காமல் தாய்க்குதிரையின் குணத்தையும் விசாரிப்பார். நான்கு காலும் முகமும் வெளுத்த பஞ்சகல்யாணி அது. பதினோரு மாதம் சுமந்து குட்டி போட்ட இரவில், ஆயா விளக்கும் கையுமாய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்தக் குட்டி வளர்ந்து, அதற்கும் குட்டி பிறந்தபோது என்னிடம் சொன்னார்: “இது அம்மா மாரி இல்லடா, ஆயா மாரி. லாரி சத்தத்துக்கு மிரளாது பாரு.” ஜி.என்.டி. சாலையில் அது மிரளாமல்தான் நடந்தது.

1777-இல் அமைந்த கிண்டித் திடலில் ஓடும் பந்தயக் குதிரைகளுக்கு இந்த நினைவெல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. அவற்றின் ஆண்வழி பையர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன் என்ற மூன்று பொலிகுதிரைகளில் போய் முடியும். இந்தியாவில் பிறக்கும் குட்டிகளின் தாய், தந்தை விவரங்களைப் புனேயில் உள்ள ஸ்டட் புக் ஆணையம் பதிவு செய்கிறது. செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டிக்கு அதில் இடமில்லை. செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமி போன்றவர்கள் ஆசையோடு வளர்த்த குதிரைகளின் வம்சத்தை இன்றும் யாரும் தேடி அறியலாம்.

எங்கள் பஞ்சகல்யாணியின் வம்சத்தை யாரும் எழுதவில்லை. அது ஆயாவின் நினைவில் இருந்தது. சிப்காட் வந்து, பேருந்தும் ஷேர் ஆட்டோவும் பெருகியதும் ஜட்காவுக்குச் சவாரி குறைந்தது. கடைசிக் குதிரையைத் தாத்தா தெரிந்த குதிரைக்காரர் ஒருவருக்கே கொடுத்தார். விலை பேசுமுன் அதன் தாய், பாட்டி குணங்களையெல்லாம் சொல்லித்தான் கயிற்றை மாற்றினார்.

வண்டியிழுத்த குதிரைக்கும் குலம் உண்டு என்று நாம் எண்ணவில்லை. லாடம் அடிப்பவர்களும், தாய்வழி விசாரித்து வாங்குபவர்களும் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதினால் நாட்டு மட்டத்துக்கும் ஒரு வம்சப் பதிவேடு உருவாகும். அந்த வேலையைத் தொடங்கத் தக்க இடம் அந்தியூர். அடுத்த வாரம் அங்கே போவோம்.

(தொடரும்)