மொழிபெயர்த்த பிறகு யார் பார்த்துக்கொள்வது?

இணையதளம் உருவாக்குபவர்கள் அன்றாடம் புரட்டும் கையேடு எம்டிஎன். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் என எதில் சந்தேகம் வந்தாலும் முதலில் அங்கேதான் போய்ப் பார்ப்பார்கள். மோசில்லா தொடங்கிய இந்தக் கையேட்டின் ஏராளமான பக்கங்களைப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் தங்கள் மொழிகளில் எழுதி வைத்திருந்தார்கள். 2021-இல் அவற்றில் பல மொழிகளின் பக்கங்கள் மொத்தமாக நீக்கப்பட்டன. இந்தி போனது, ஜெர்மனும் போனது. ஆங்கில மூலம் மாறிக்கொண்டே இருந்தபோது இந்தப் பக்கங்கள் பழைய நிலையிலேயே நின்றுவிட்டன, திருத்த ஆளில்லை என்பதுதான் பெரிய காரணம். பிரெஞ்சு, ஜப்பானியம், சீனம் முதலியவை தப்பித்தன. அவற்றைத் தொடர்ந்து கவனித்துக்கொள்ளக் குழுக்கள் முன்வந்திருந்தன.

திறமூல மென்பொருளின் ஆவணங்களைத் தமிழுக்குக் கொண்டுவர விரும்புபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. ஃபயர்பாக்ஸ், லிபர்ஆபிஸ், வேர்ட்பிரஸ் எல்லாம் தமிழ் இடைமுகத்தோடு கிடைக்கின்றன. வேர்ட்பிரஸில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என்று தனித்தனியாகவே இருக்கின்றன. ஆனால் ‘சேமி’, ‘திற’ போன்ற பொத்தான் சொற்கள் அடிக்கடி மாறுவதில்லை. ஒருமுறை செய்தால் பல ஆண்டுகள் நிற்கும். கையேடு அப்படியல்ல. மென்பொருளில் ஒரு வசதி கூடினாலோ குறைந்தாலோ அதற்கான பத்தியும் மாறியாக வேண்டும்.

பைத்தானை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பிளஸ் டூ கணினி அறிவியல் மாணவர்கள் படிக்கும் நிரல்மொழி அது. தமிழ்வழியில் படிப்பவர்களுக்குப் பாடநூலும் தமிழிலேயே இருக்கிறது. பாடநூலைத் தாண்டி அடுத்த அடி வைக்க நினைக்கும் மாணவருக்கு உதவக்கூடியது பைத்தானின் அதிகாரப்பூர்வ ஆவணம். அதை மற்ற மொழிகளில் வெளியிடுவதற்கு 2017-இல் பெப் 545 என்ற விதிமுறையை வகுத்தார்கள். ஜப்பானியம், பிரெஞ்சு, கொரிய மொழிகள் முதலில் வந்தன. ஒரு மொழி பைத்தான் ஆவணத் தளத்தின் மொழித் தேர்வுப் பட்டியலில் இடம்பெற வேண்டுமானால் தொடக்கப் பயிற்சி நூல், உள்ளமைந்த செயற்கூறுகளின் பக்கம், பிழைகளை எப்படித் தெரிவிப்பது என்று சொல்லும் பக்கம் ஆகிய மூன்றும் முழுமையாக முடிந்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பத்திகள் கொண்ட நூலகக் குறிப்பேடு முழுவதையும் யாரும் கேட்கவில்லை. கற்றுக்கொள்ள வருபவருக்கு எது முதலில் தேவை என்று யோசித்து வகுத்த அளவுகோல் இது. தமிழில் எந்தக் கையேட்டைத் தொட்டாலும் இதையே அளவாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து.

பைத்தான் ஆவணத்தின் மொழிபெயர்ப்பு வேலை நடப்பது பிஓ என்ற வகைக் கோப்பில். மூல ஆவணத்தை மென்பொருள் பத்தி பத்தியாகப் பிரித்துத் தரும். மேலே ஆங்கிலப் பத்தி இருக்கும், கீழே வெற்று மேற்கோள்குறிக்குள் தமிழை நிரப்ப வேண்டும். இந்த அமைப்பின் உண்மையான பலன் பின்னால்தான் தெரியும். அடுத்த பதிப்பில் ஆங்கிலப் பத்தி திருத்தப்பட்டால், அதற்குரிய தமிழ்ப் பத்தியின் தலையில் ‘ஃபஸி’ என்ற குறி விழும். மனிதர் ஒருவர் பார்த்து அந்தக் குறியை எடுக்கும்வரை, வெளியாகும் பக்கத்தில் அந்தப் பத்தி மட்டும் ஆங்கிலத்தில் வரும். தமிழ்ப் பக்கத்தின் நடுவே ஆங்கிலப் பத்தி வந்தால் கண்ணை உறுத்தும்தான். ஆனாலும் காலாவதியான வழிமுறையை நம்பி மாணவர் திண்டாடுவதைவிட அது எவ்வளவோ மேல். எம்டிஎன்னில் இந்த வசதி இல்லை, ஒவ்வொரு மொழிப் பக்கமும் தனிக்கோப்பு. மூலம் மாறினாலும் பழைய மொழிபெயர்ப்பு அப்படியே நிற்கும்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பைத்தான் ஆவணத்தில் நிரல் சொற்களை இரட்டைப் பின்சாய்குறிகளுக்குள் வைப்பார்கள், ``பிரிண்ட்`` என்பதுபோல. மூடும் குறியை அடுத்து இடைவெளியோ நிறுத்தக்குறியோ வந்தாக வேண்டும் என்பது அந்த வடிவத்தின் விதி. நம் வேற்றுமை உருபோ சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ``பிரிண்ட்``ஐ என்று எழுதினால் குறி மூடாது, பக்கம் குலைந்துபோகும். நடுவே ஓர் இணைப்புக்கோடு போட்டு ``பிரிண்ட்``-ஐ என்று எழுதினால் போதும். சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாத ஜப்பானிய மொழிக் குழுவினருக்கும் இதே தொல்லை உண்டு. பின்சாய்கோடும் இடைவெளியும் சேர்த்துப் போட்டு அதைச் சமாளிக்கலாம்.

பிழைச்செய்திகளையும் நிரல் வரிகளையும் தமிழாக்கக் கூடாது. மாணவரின் திரையில் அவை ஆங்கிலத்தில்தான் தோன்றும். கையேட்டில் வேறு மாதிரி இருந்தால் குழம்பிவிடுவார். அப்படியே விட்டு, பொருளை அடுத்த வரியில் சொல்லலாம். கலைச்சொற்களுக்குப் பாடநூலில் ஏற்கெனவே உள்ளவற்றையே எடுத்தாளுங்கள். புதிதாக உருவாக்கும் ஆசை வரும். அதை அடக்கிக்கொள்வதே படிப்பவருக்குச் செய்யும் நன்மை.

உரிமம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. எம்டிஎன் எழுத்துகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளவை. பைத்தானுக்குத் தரும் மொழிபெயர்ப்பைச் சிசி0 முறையில், எந்த உரிமையும் கோராமல் தர வேண்டும். தொடங்கும் முன் உரிம விதிகளை ஒருமுறை படித்துவிட்டால் போதும்.

கடினமான பகுதி சரிபார்ப்பு. வேர்ட்பிரஸில் யார் வேண்டுமானாலும் மொழிபெயர்ப்பை அனுப்பலாம். பொறுப்பாளர் ஒருவர் ஒப்புதல் தரும்வரை அது காத்திருப்பில்தான் கிடக்கும். மோசில்லாவின் மொழிபெயர்ப்புத் தளமான பொன்டூனிலும் இதே நடைமுறை. புதியவர்கள் உற்சாகமாக அனுப்பிக் குவிக்க, படித்துப் பார்க்க ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். பதில் வராமல் சோர்ந்து விலகிப் போகிறவர்கள் ஏராளம். எந்திர மொழிபெயர்ப்பு வந்த பிறகு இந்தச் சுமை கூடத்தான் செய்யும். ஒரு நூறு பத்திகளைச் சில நிமிடங்களில் கொட்டிவிடலாம். ‘முடியாது’ என்று இருந்த இடத்தில் ‘முடியும்’ என்று வந்திருக்கிறதா என்பதை ஒரு மனிதர்தான் வரிவரியாகப் பார்த்தாக வேண்டும். தான் படித்துப் பார்க்காத எந்திர வரைவை அனுப்புகிறவர் உதவி செய்யவில்லை, தன் வேலையை இன்னொருவர் தலையில் கட்டுகிறார்.

இப்போது பைத்தானின் புதிய பதிப்பு ஆண்டுதோறும் அக்டோபரில் வருகிறது. அதனால் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஃபஸி குறிகளை எடுக்க உட்கார்ந்தே ஆக வேண்டும். இப்படித் தொடர்ந்து உழைக்கத் தமிழில் ஆள் கிடைக்காதா என்ன? 2012 முதல் கணியம் மின்னிதழ், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதியும் ‘எளிய தமிழில்’ என்ற வரிசையில் நூல்களை இலவசமாக வெளியிட்டும் வருகிறது. அத்தனையும் தன்னார்வலர்களின் உழைப்பு.

எனவே முழுக் கையேட்டையும் தமிழாக்கப்போவதாக அறிவிக்காதீர்கள். நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு மென்பொருளில் ஒரே ஒரு அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு நண்பரைச் சேர்த்துக்கொண்டு, ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபாருங்கள். ஏற்கெனவே பாதியில் நிற்கும் தமிழ்க் கோப்பு ஏதாவது இருந்தால் புதிதாகத் தொடங்குவதற்குப் பதிலாக அதன் ஃபஸி வரிகளிலிருந்து ஆரம்பியுங்கள். இன்று அங்கேதான் ஆள் தேவைப்படுகிறது.