கல்லூரியில் நல்ல துணை தேடுவது எப்படி?

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. கட்டணம் கட்டியாயிற்று. புதுச் சட்டையும் தைத்தாயிற்று. ஆனாலும் முதல் நாள் வகுப்பில் நுழையும் மாணவன் மனதில் ஒரு கலக்கம்.

"இத்தனை பேரில் எனக்கு யாரைத் தெரியும்?"

பாடம் கஷ்டம் என்று படிப்பை விட்டவர்கள் உண்டு. பணம் இல்லாமல் விட்டவர்களும் உண்டு. "பேசுவதற்கு ஒரு ஆள் இல்லை" என்று மனம் உடைந்து ஊர் திரும்பியவர்களும் உண்டு. இதை வெளியே யாரும் சொல்வதில்லை.

கடலோரத்துப் பிள்ளைகள்

செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கடப்பாக்கம். பக்கத்திலே ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர்கள். எதிரே உப்பங்கழியும் கடலும்.

மீன் பிடிப்பவர்களும் பயிர் செய்பவர்களும் வாழும் பகுதி இது. இங்கிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் செங்கல்பட்டுக்கோ, திண்டிவனத்துக்கோ, புதுச்சேரிக்கோ, சென்னைக்கோ போகவேண்டும். வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள் பலர். "அங்கே எப்படி நடந்துகொள்வது?" என்று கேட்டால், சொல்லித் தருவதற்கு அப்பாவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது.

அப்படிப்பட்ட பிள்ளை என்ன செய்வான்? தன் ஊர்ப் பையனைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்வான். அது தப்பு இல்லை. பழகிய முகம் மனதுக்குத் தெம்பு தரும். ஆனால் மூன்று ஆண்டும் அந்த வட்டத்தை விட்டு வெளியே வராவிட்டால், ஊரில் இருந்ததற்கும் கல்லூரியில் இருந்ததற்கும் வித்தியாசம் என்ன?

பழைய பாட்டு சொல்லும் பாடம்

கடப்பாக்கம் இருக்கும் பகுதிக்கு இடைக்கழிநாடு என்று பெயர். இது சங்க காலப் பெயர்! பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர், இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார்.

ஆற்றுப்படை என்றால் என்ன? பாணன் ஒருவன் வள்ளலிடம் பரிசு வாங்கிக்கொண்டு வருகிறான். வழியிலே வறுமையில் வாடும் இன்னொரு பாணனைச் சந்திக்கிறான். "நீயும் போ. இந்த வழியாகப் போ. இன்ன இன்ன ஊர் வரும். அங்கே இருக்கும் வள்ளல் உன்னையும் காப்பாற்றுவான்" என்று வழி சொல்லி அனுப்புகிறான். சிறுபாணாற்றுப்படையில் வரும் அந்த வள்ளலின் பெயர் நல்லியக்கோடன்.

பரிசு பெற்றவன் அதை மறைத்து வைக்கவில்லை. வந்தவன் தனக்குப் போட்டி என்று நினைக்கவும் இல்லை. தான் அறிந்த வழியை மற்றவனுக்கும் சொன்னான்.

கல்லூரி நட்புக்கும் இதுவே இலக்கணம். வழி சொல்பவனே துணை. வழி கேட்கத் தயங்காதவனுக்கே துணை கிடைக்கும்.

ஒரே அறையில் மூன்று பேர்

இதற்கு ஒரு நல்ல உதாரணம் அப்துல் கலாம். அவரும் கடலோரத்துப் பிள்ளைதான். ராமேசுவரத்தில் 1931-ல் பிறந்தவர்.

அவர் 1950-ல் திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் சேர்ந்தார். நான்கு ஆண்டு விடுதி வாசம். அவருடைய அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த ஆசாரமான ஐயங்கார் வீட்டுப் பிள்ளை. மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். இவரோ ராமேசுவரத்து முஸ்லிம்.

மூன்று மதம், மூன்று வகைச் சாப்பாடு, மூன்று வகைப் பழக்கம். சண்டை வந்திருக்கும் என்றுதானே நினைக்கத் தோன்றும்? இல்லை! மூவரும் மிகவும் சந்தோஷமாக இருந்ததாகக் கலாம் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

மூன்றாம் ஆண்டில் அவர் விடுதியின் சைவ உணவுக்கூடத்துக்குச் செயலாளர் ஆனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் சேர்ந்து, கல்லூரித் தலைவரான பாதிரியாரைச் சாப்பிட அழைத்தார்கள். அவரவர் வீட்டுப் பக்குவத்தில் நல்ல நல்ல பதார்த்தங்களாகப் பார்த்து விருந்து வைத்தார்கள். பாதிரியாரும் குழந்தையைப் போலக் குதூகலித்து அவர்களோடு பேசி மகிழ்ந்தார்.

விடுதிக் காப்பாளரும் ஒரு பாதிரியார்தான். இரவு தோறும் ஒவ்வொரு மாணவனையும் பார்த்து விசாரிப்பார். தீபாவளி வந்தால் ஒவ்வொரு அறைக்கும் நல்லெண்ணெய் போய்ச் சேரும். பிள்ளைகள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தவர் அந்தக் கிறிஸ்தவப் பாதிரியார்!

இவர்களை ஒன்றாக்கியது எது? பெரிய பேச்சா? இல்லை. ஒரே அறை, ஒரே பந்தி, சேர்ந்து செய்த ஒரு வேலை. உறவு அப்படித்தான் வளரும்.

கண்டித்த ஆசிரியர்

பட்டம் பெற்ற பிறகு, கலாம் குரோம்பேட்டையில் உள்ள சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் விமானப் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். குரோம்பேட்டை இன்று செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது. சேருவதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டும். வீட்டில் அவ்வளவு பணம் இல்லை. அக்கா ஜொகரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். "என் சொந்தச் சம்பாத்தியத்தில் அவற்றை மீட்பேன்" என்று தம்பி மனதுக்குள் உறுதி செய்துகொண்டார்.

படிப்பின் முடிவில், ஒரு போர் விமானத்தை வடிவமைக்கும் வேலை கலாமுக்கும் வேறு 4 மாணவர்களுக்கும் தரப்பட்டது. ஒருவருக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொண்டார்கள். கலாமின் பகுதி பின்தங்கியது. பேராசிரியர் சீனிவாசன் பார்த்தார். "வேலை திருப்தியாக இல்லை. திங்கட்கிழமைக்குள் வரைபடம் வராவிட்டால் உதவித் தொகை நின்றுவிடும்" என்று கண்டித்துச் சொன்னார். அன்று வெள்ளிக்கிழமை!

கலாம் இரவுச் சாப்பாட்டை விட்டார். தூக்கத்தை விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, வேலை முடியும் நேரம். யாரோ பின்னால் நிற்பது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் சீனிவாசன்! டென்னிஸ் ஆடிவிட்டு வந்தவர், வரைபடத்தைப் பார்த்துவிட்டு மாணவனைத் தட்டிக்கொடுத்து அணைத்துக்கொண்டார்.

கண்டிக்கிறவர் எல்லாரும் விரோதி அல்ல என்பதற்கு இது சாட்சி. மிரட்டியவரே, மாணவன் என்ன செய்கிறான் என்று விடுமுறை நாளில் வந்து பார்த்தார் அல்லவா?

ஸ்பாண்டர் என்ற ஆஸ்திரியப் பேராசிரியரும் அங்கே இருந்தார். பிரிவு உபசாரப் புகைப்படம் எடுக்கும்போது, கடைசி வரிசையில் நின்ற கலாமைத் தேடி அழைத்து, முன்வரிசையில் தம் பக்கத்தில் உட்கார வைத்தார். அந்த மாணவர்தான் 2002-ல் நாட்டின் ஜனாதிபதி ஆனார்.

வழி காட்டாத மூத்தவர்கள்

மூத்த மாணவன் வழிகாட்டியாகவும் இருக்கலாம்; எமனாகவும் ஆகலாம். 1996-ல் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில், முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொலை செய்யப்பட்டார். தமிழ்நாடே பதறியது. அதன் பிறகு 1997-ல் ராகிங்கைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. ராகிங் செய்பவருக்குச் சிறைத் தண்டனை உண்டு.

"பழகுவதற்காகத்தான் கேலி செய்கிறோம்" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அவமானப்படுத்தி வளர்க்கும் பழக்கத்துக்கு நட்பு என்று பேர் இல்லை. துன்பம் நேர்ந்தால் அன்றைக்கே கல்லூரி முதல்வரிடமும் வீட்டிலும் சொல்லிவிட வேண்டும்.

மாணவர் செய்ய வேண்டியவை

முதல் வாரத்திலேயே, தெரியாத ஒருவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். பேரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள். சாதியைக் கேட்காதீர்கள்.

வகுப்புக்கு வராதவருக்குப் பாடக் குறிப்பைக் கொடுங்கள். சின்ன உதவிதான். ஆனால் அவர் அதை மறக்கமாட்டார்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் இடத்தில் மரியாதை முக்கியம். "வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டும்.

சேர்ந்து வேலை செய்யும் இடத்துக்குப் போங்கள். நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல் இதற்காகவே தொடங்கப்பட்டது. முகாமில் ஒன்றாக மண் சுமந்தவர்கள், பல காலம் கழித்துப் பார்த்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

ஆசிரியரிடம் சந்தேகம் கேளுங்கள். கேட்கிறவனின் முகம்தான் அவர் மனதில் நிற்கும்.

செல்போனில் நூறு பேர் இருக்கலாம். காய்ச்சலில் படுத்தால் கஞ்சி கொண்டுவருபவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் இருந்தாலும் போதும். நீங்கள் எத்தனை பேருக்குக் கஞ்சி கொண்டுபோனீர்கள் என்பதையும் எண்ணுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

மகன் ஊருக்கு வந்ததும் "எத்தனை மார்க்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "உன் பக்கத்தில் உட்காருவது யார்?" என்றும் கேளுங்கள். மகளிடமும் அப்படியே கேளுங்கள். அந்தத் தோழனையோ தோழியையோ வீட்டுக்கு அழைத்து ஒரு வேளை சோறு போடுங்கள். பிள்ளையின் பழக்கம் எப்படி என்று சாப்பாட்டு நேரத்தில் தெரிந்துவிடும்.

இந்த ஆண்டு கடப்பாக்கத்திலிருந்து போகும் பிள்ளை, பஸ் பாஸ் எங்கே வாங்குவது, உதவித் தொகைக்கு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் திகைத்து நிற்பான். அடுத்த ஆண்டு அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அப்போது வாசலில் இன்னொரு புதுப் பிள்ளை திகைத்து நிற்பான். அவனிடம் போய், "தம்பி, என்ன வேணும்?" என்று கேட்கவேண்டும். இடைக்கழிநாட்டுப் புலவர் பாடிவிட்டுப் போன வழி அதுதான்.