சதுரங்கப்பட்டினத்தில் ஒரு மனை

பட்டணத்து இரைச்சலிலே நெடுங்காலம் உழன்றவர்க்கு, முதுமையிற் கடற்காற்று வீசும் சிற்றூர் ஒன்றிற் சிறு வீடு வாங்கி அமைதியாய் வாழவேண்டுமென்னும் அவா எழுதல் இயல்பே. மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் கண்டு மீளும் நம்மவருட் பலர், வழியில் ‘மனை விற்பனைக்கு’ என்னும் பலகைகளை நோக்கி ஒரு பெருமூச்செறிந்து செல்வர். நாமும் அங்ஙனம் சென்றவரே. ஆனால் ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டு கழித்து ஓய்வு பெற்ற நம் நண்பர் ஒருவர், பெருமூச்சோடு நில்லாது வாங்கவே துணிந்தார். அவர் கையிலிருந்ததோ தம் வாழ்நாட் சேமிப்பு முழுவதும். தவறினால் மறுமுறை ஈட்டற்குக் காலமில்லை. அவருடன் ஊர் ஊராய் அலைந்ததனால் நாம் கற்றுக்கொண்டவற்றை, பின்னர் வீடு வாங்கப்போகும் மாணவர்க்கும் இப்பொழுதே வாங்க எண்ணும் பெரியோர்க்கும் பயன்படுமென்று கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

நண்பர் விரும்பிய ஊர் சதுரங்கப்பட்டினம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை அடுத்துக் கடலோரத்தில் உள்ளது. ஆங்கிலேயர் இதனைச் ‘சட்ராஸ்’ என்றனர். டச்சுக்காரர் எனப்படும் ஒல்லாந்தர் 17-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்து, மெல்லிய பருத்தித் துணிகளை வாங்கிக் கப்பலேற்றினர்; செங்கல்லாற் கோட்டையும் எழுப்பினர். 1781-இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். பின்னர், 1824-ஆம் ஆண்டில் ஐரோப்பாவிற் கையெழுத்தான ஓர் உடன்படிக்கையின்படி, இந்தியாவில் ஒல்லாந்தர்க்கு இருந்த இடங்கள் யாவும் ஆங்கிலேயர்க்குக் கைமாறின. ஓர் ஊரே ஒரு பத்திரத்தாற் கைமாறியது. அவ்வூரில் வாழ்ந்தவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டிலர். இன்று இடிந்த மதிலும், கிடங்குகளும், ஒல்லாந்த எழுத்துப் பொறித்த கல்லறைகளுமே எஞ்சியுள.

நாம் முதலிற் கண்ட வீடு அக்கோட்டை மதிலுக்கு அணித்தே இருந்தது. பழைய ஓட்டு வீடு, முற்றத்தில் ஒரு கிணறு, விலையும் மலிவு. “மேலே ஒரு மாடி எழுப்பிக்கொள்ளலாம், ஐயா,” என்று தரகர் உரைத்தார். விலை ஏன் மலிவென்பது பின்னரே விளங்கிற்று. அக்கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டமும் 2010-இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் கூறுவதாவது: பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி, அங்குப் புதுக் கட்டடம் எழுப்பலாகாது. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கு அனுமதி பெற்றே கட்டல்வேண்டும். தடைப்பகுதியிலுள்ள பழைய வீட்டைப் பழுது பார்ப்பதற்கும் முன் அனுமதி தேவை. ஆகவே தரகர் காட்டிய மாடி அவர் சொல்லில் மட்டும் நின்றது. மாமல்லபுரத்திலும் சின்னங்கள் பல. ஒவ்வொன்றைச் சுற்றியும் இவ்வளவு தொலைவு உண்டென்பதை வாங்குவோர் மறத்தலாகாது.

இரண்டாவது தடை கடல். 1991-ஆம் ஆண்டு முதல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் என்னும் ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. உயர் அலைக் கோட்டிலிருந்து நிலத்தின் பக்கம் 500 மீட்டர் வரை பெரும்பாலும் இதன் ஆட்சிக்கு உட்படும். அதற்குள்ளும் எவ்விடத்திற் கட்டலாம், எவ்விடத்திற் கூடாது என்பது ஊரின் வகையைப் பொறுத்தது. அதனை அரசு வெளியிட்ட வரைபடத்தில் நில அளவை எண்ணைக் கொண்டு பார்த்தறிதல் வேண்டும். இச்சட்டம் வீண் தொல்லையென்று முணுமுணுப்பார், 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாளை நினைத்தல் நலம். அன்று ஆழிப்பேரலை இக்கரையிலும் ஏறி உயிர்களைக் கொண்டுபோயிற்று. அலையோசை கேட்கும் வீடு விரும்பத்தக்கதே. அலை வந்து சேரும் வீடு அன்று.

மூன்றாவதாக ஆராயவேண்டுவது நிலத்தின் சாதி. கிராமத்திற் குடியிருப்புக்கென விடப்பட்டது நத்தம், பயிர் நிலம் நஞ்சை அல்லது புஞ்சை, பொது உபயோகத்துக்கெனவும் அரசினதாகவும் உள்ளது புறம்போக்கு, கோயிலுக்குரியது வேறு. கோயில் நிலத்தை அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியின்றி விற்றால் அவ்விற்பனை 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது. பயிர் நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பாராயின், மனைப்பிரிவுக்கு முறையான அனுமதி உண்டா என்று கேட்டல் கடன். பார்வைக்கு எல்லாம் ஒரே மணல். ஏட்டிலோ ஒவ்வொன்றும் வேறு.

இவற்றையெல்லாம் அறிந்தபின் நண்பர், கோட்டைக்கும் கடலுக்கும் போதிய தூரத்தில், நத்தத்தில் அமைந்த வேறொரு வீட்டைத் தேர்ந்தார். தாய்ப்பத்திரம் இருந்தது, பட்டா இருந்தது, வீட்டு வரி ரசீதுகள் இருந்தன, 30 ஆண்டுக்கு எடுத்த வில்லங்கச் சான்றில் ஒரு வில்லங்கமும் இல்லை. “இனி என்ன தாமதம்?” என்று நண்பர் முன்பணத்தை எடுத்துவைத்தார். அவர் துணைவியாரே தடுத்தார். “அந்த அம்மாள் வீட்டில் மாட்டியிருந்த படத்தில் மூன்று பிள்ளைகள் இருந்தார்களே, பத்திரத்தில் இரண்டு பேர்தானே கையெழுத்துப் போடுகிறார்கள்?” என்றார்.

வினவியபோது, தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தாரென்றும், மூத்த மகள் மணமாகி வேற்றூரில் இருக்கிறாரென்றும் தெரிந்தது. “நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்று, அக்காளுக்கு இதில் என்ன?” என்றார் தம்பியார். சட்டம் அங்ஙனம் கூறவில்லை. இந்துக்களாயின், தந்தை தாமே ஈட்டிய சொத்தில் 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பூர்விகச் சொத்திலும், அப்பொழுது மணமாகாதிருந்த மகளிர்க்குத் தமிழ்நாட்டில் 1989-லேயே உரிமை கிடைத்தது; 2005-இல் நாடு முழுவதும் மகளிர்க்கு அவ்வுரிமை வந்தது. கிறிஸ்தவர்க்குரிய 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்திலும் மகன் மகள் என்ற வேற்றுமை இல்லை. திருமண நகை பங்குக்கு ஈடாகாது.

‘வில்லங்கச் சான்று தூய்மையாக இருந்ததே?’ என்று வாசகர் வினவலாம். அச்சான்று, குறித்த காலத்திற் பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். பதியப்படாத உயில், வாரிசின் பங்கு, குடியிருப்பவரின் உரிமை ஆகியன அதில் தோன்றா. பத்திரம் பதிவாகிவிட்டால் எல்லாம் முடிந்ததென்பதும் தவறு. விற்பவர்க்கு உரிமை உண்டா என்று தீர்ப்பது பதிவு அலுவலரின் வேலையன்று என உச்ச நீதிமன்றம் 2025-ஆம் ஆண்டிற் சென்ற தமிழ்நாட்டு வழக்கொன்றிலும் எடுத்துரைத்தது. பதிவு, கைமாற்றத்துக்குச் சாட்சி, உரிமைக்குப் பிணையன்று.

இக்கரைக்கு வந்த ஒல்லாந்தர் தம் நாட்டில் இதனை எவ்வாறு செய்கின்றனர் என்று ஒப்பிட்டுப் பார்த்தல் பயனுடைத்து. அங்கும் வயலும் கால்வாயும் சூழ்ந்த அமைதியான சிற்றூர்களில் வீடு தேடுவோர் பலர். வீடு வாங்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். அதன் படி கைக்கு வந்தபின், வாங்குபவர் காரணம் கூறாமலே விலகிக்கொள்ள மூன்று நாள் அவகாசம் உண்டு. பின்னர் ‘நோட்டாரிஸ்’ என்னும் சட்ட அதிகாரி, 1832 முதல் நடைபெற்றுவரும் நிலப் பதிவேட்டைப் பார்த்து, விற்பவர் யார், அடமானம் உண்டா என ஆராய்கின்றார். பணமும் அவர் கணக்கின் வழியே செல்லும். பத்திரமும் அவர் முன்னரே கையெழுத்தாகும். ஆயினும் அங்கும் வாங்குபவர் கேட்கவேண்டிய கேள்விகள் உள. வீட்டின் அடிநிலம் சொந்தமா, நெடுங்காலக் குத்தகையா? சதுப்பு நிலத்தில் மரத்தூண்கள் மேல் நிற்கும் வீடாயின், நிலத்தடி நீர் தாழ்ந்து தூண்கள் உளுத்தனவா? நம் கரையில் இதற்கு ஒப்பான கேள்வி, கிணற்று நீர் கோடையில் உவர்க்கிறதா என்பது. அந்நாட்டில் ஓர் அதிகாரி நமக்காகக் கேட்கும் பலவற்றை, இந்நாட்டில் நாமே கேட்டாகவேண்டும். நல்ல வழக்கறிஞரைத் துணைக்கொள்ளுதலும் அதன்பொருட்டே.

நண்பர் முன்பணத்தை மடியில் முடிந்துகொண்டு, தம் துணைவியாருடன் அம்மூத்த மகள் வாழும் ஊருக்குச் சென்றார். நாமும் உடன் போனோம். அவ்வம்மையார் மோர் கொடுத்து உபசரித்து, வந்த காரியத்தைக் கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். “எங்க அப்பா கட்டின வீடுங்க அது. விக்கப்போறாங்கன்னு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியுது,” என்றார். கோபமில்லை, கண் மட்டும் கலங்கிற்று. பின்னர் உடன்பிறந்தார் மூவரும் கூடிப் பேசினர். கிரயத்தொகையில் அவருக்குரிய பங்கு அளிக்கப்பட்டது. அவரும் வந்து கையெழுத்திட்டார். நண்பருக்கு இரண்டு மாதம் தாமதம். ஆனால் பின்னாளில் வழக்கு வருமென்னும் அச்சம் இல்லை.

பத்திரம் முடிந்த மறுநாள் காலை அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். மீனவர் சிலர் வலையைத் தோளிற் சுமந்து, வீட்டின் பக்கவாட்டு வழியே கரைக்குச் சென்றனர். அவ்வழி பட்டாவில் நண்பர் மனைக்கு உட்பட்டதென்று அளந்தவர் கூறியிருந்தார். ‘வேலி போடுவீரோ?’ என்று கேட்டோம். “மூன்று தலைமுறையாக நடக்கிறார்கள். அவர்கள் நடக்கும் ஊரென்றுதானே இங்கு வந்தேன்?” என்றார் நண்பர்.

அன்பர்காள்! நாம் சிற்றூரில் அமைதியைக் கண்டவுடன், அந்நிலத்தின்மீது கேட்பாரொருவரும் இல்லையென்று எண்ணிவிடுகின்றோம். உண்மை அதுவன்று. தொல்சின்னத்துக்கும், கடலுக்கும், வேற்றூரில் வாழும் மகளுக்கும், வழி நடக்கும் அயலாருக்கும் அதில் உரிமை உண்டு. அவருட் சிலரைப் பத்திரம் கூறும், சிலரைக் கூறாது. பத்திரம் கூறாதவரையும் தேடிச் சென்று கேட்டபின் வாங்கிய வீட்டிலே அச்சமின்றி உறங்கலாம்.