சுவர்ப் பாசியும் கல்லறைப் பெயர்களும்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை நிலைபெற்றதும் காரைக்காலின் பழைய சுவர்கள் நிறம் மாறுகின்றன. கோடை முழுவதும் கருகிய தூசு போல ஒட்டிக் கிடந்த ஒன்று, இரண்டு மழைக்குள் பச்சைப் பட்டாக விரிகிறது. கிணற்றுச் சுவரிலும், மதிலின் மேற்புறத்திலும், கொல்லைப்புறப் படிகளிலும், வெயில் படாத ஆலயச் சுவரிலும் அது படர்கிறது. நாம் அதனைப் பாசி என்போம். கண்ட இடத்தில் சுரண்டி எறிவோம். அதற்குமேல் அதனைப் பற்றி எண்ணுவதில்லை.

ஆனால் அதே நாட்களில்தான் கல்லறைத் திருநாளும் வருகிறது. நவம்பர் 2-ஆம் நாளுக்கு முன்பாக நம் குடும்பங்கள் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்று, மூதாதையர் துயிலும் இடத்தைத் தூய்மை செய்து, மலரும் மெழுகுவர்த்தியும் வைக்க ஆயத்தம் செய்கின்றன. பாசி செழிக்கும் காலமும் நாம் அதனை அகற்றும் காலமும் ஒன்றாகவே அமைகின்றன. அன்பினால் செய்யப்படும் இப்பணி, அறியாமையால் அழிவு வேலையாகிவிடலாகாது. எனவே அந்தச் சிறு செடியைச் சற்று அறிந்து கொள்வோம்.

வேரில்லாத செடி

பாசி என்னும் ஒரே சொல்லால் நாம் இரு வேறு உயிர்களைக் குறிக்கிறோம். கிணற்றடியில் கால் வழுக்கச் செய்யும் கொழகொழப்பான பசும்படலம் ஒரு வகை. அதற்கு இலையுமில்லை, தண்டுமில்லை. முதியோர் விழுந்து எலும்பு முறிவதற்குக் காரணமாகும் அப்படலத்தை உடனே தேய்த்துக் கழுவிவிடுவதே நலம். சுவரில் மெத்தை போல அடர்ந்து வளரும் பாசியோ வேறு. தாவர நூலார் இதனை 'மாஸ்' என்பர். உற்று நோக்கினால் சிறு தண்டும், அதனைச் சுற்றி நுண்ணிய இலைகளும் தெரியும்.

இச்செடிக்கு உண்மையான வேர் கிடையாது. மயிரிழை போன்ற நார்களால் சுவரைப் பற்றிக் கொள்கிறது. நீரைப் பெரும்பாலும் இலைகளின் வழியாகவே பருகுகிறது. இலைகளோ பெரும்பாலும் ஒரே ஓர் உயிரணுப் படலத்தால் ஆனவை. ஆகவே மழை பட்ட சில நிமிடங்களில் அது விரிகிறது. வெயில் வந்தால் சுருங்கி, உயிரை ஒடுக்கிக் காத்திருக்கிறது. சித்திரை வெயிலில் மடிந்தது போலத் தோன்றுவது சாவன்று, உறக்கமே. பூவும் விதையும் இதற்கு இல்லை. ஆணணு நீரில் நீந்திச் சென்றே பெண்ணணுவை அடைய வேண்டும். ஆதலால் மழைநீர்ப் படலம் இல்லாமல் கருவுறுதல் இல்லை. பின்னர் மெல்லிய காம்பின் நுனியில் சிறு பேழை தோன்றி, பொடி போன்ற வித்துகளைக் காற்றில் விடுகிறது.

ஆராய்ந்த குரு

இத்தகைய அற்பப் பூண்டையும் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தோர் உளர். அவர்களுள் ஒருவர் நம் திருச்சபையின் குரு என்பதை நம்மில் பலர் அறியோம். கொடைக்கானலை அடுத்த செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியில் வாழ்ந்த இயேசு சபைக் குரு ஜார்ஜ் ஃபோரோ, பழனி மலையின் பாசிகளைப் பல்லாண்டுகள் தேடித் தொகுத்தார். அம்மலையின் பாசிகளைப் பற்றிய அவரது கட்டுரை 1961-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. ஒரு பாசி இனத்திற்கு அறிஞர்கள் அவர் பெயரால் 'ஃபோரோயெல்லா' என்று பெயரிட்டுள்ளனர்.

திருமறையிலும் சுவர்ப் பூண்டுக்கு இடமுண்டு. சாலமோன் அரசர் லெபனோனின் கேதுருவைப் பற்றி மட்டுமன்றி, சுவரில் முளைக்கும் ஈசோப்பைப் பற்றியும் பேசினார் என்று அரசர் முதல் நூல் தெரிவிக்கிறது. அந்த ஈசோப்பு எருசலேம் சுவர்களில் வளரும் ஒரு சிறு பாசியே என்று, 18-ஆம் நூற்றாண்டில் புனித பூமிக்குச் சென்ற சுவீடன் நாட்டுத் தாவர நூலார் ஹாசல்குவிஸ்ட் கருதினார். அது வேறொரு மணச்செடி என்பதே இன்று பலர் கருத்து. எதுவாயினும், ஞானியான மன்னர் சுவரில் முளைத்ததையும் பொருட்படுத்தினார் என்பது நாம் நினைவில் கொள்ளத் தக்கது.

பாசி சொல்லும் செய்தி

நம் பகுதி ஆற்று வண்டலால் ஆன சமவெளி, மலைக்கல் இங்கில்லை. ஆகவே நம் முன்னோர் செங்கல்லையும் சுண்ணாம்புக் காரையையும் கொண்டே வீடுகளையும் ஆலயங்களையும் எழுப்பினர். 1739 முதல் 1954 நவம்பர் 1 வரை நீடித்த பிரெஞ்சு ஆட்சியின் காலத்துக் கட்டிடங்களிலும் இதனைக் காணலாம். செங்கல்லும் காரையும் நீரை உறிஞ்சி, பின் மெல்ல வெளிவிடும் இயல்புடையவை. அந்த ஈரத்தில் பாசி குடியேறுகிறது.

எனவே ஓரிடத்தில் மட்டும் பாசி செழித்திருந்தால், அங்கே நீர் தேங்குகிறது என்பது பொருள். உடைந்த தூம்போ, அடைபட்ட வடிகாலோ, மதிலின் தலையில் விழுந்த வெடிப்போ அருகில் இருக்கும். பாசியை மட்டும் சுரண்டுவது, காய்ச்சலை விட்டுவிட்டு வியர்வையைத் துடைப்பது போன்றது. பாசி ஈரத்தைப் பிடித்து வைப்பதால் சிறிது தீங்கு உண்டு. ஆயினும் அதன் நார்கள் சுவரைப் பிளப்பதில்லை. பிளப்பது காக்கை எச்சத்தால் முளைக்கும் ஆலும் அரசும். அவற்றைத் தளிரிலேயே களைய வேண்டும். ஈரத்தை மறைக்கச் சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டு பூசுவதும் பிழை. உள்ளே சிறைப்பட்ட நீரும் உப்பும் வேறிடத்தில் வழி தேடிக் காரையை உதிர்க்கும்.

கல்லறையில் செய்யத் தக்கது

விரைவாக வெண்மை வர வேண்டும் என்று சிலர் கல்லறைகளில் ஆசிட் ஊற்றுகின்றனர். அப்போது நுரைத்துப் பொங்குவது அழுக்கு மட்டுமன்று; பளிங்கும் சுண்ணாம்புக் காரையும் தாமே கரைகின்றன. கம்பித் தூரிகை பாசியோடு எழுத்தின் விளிம்பையும் அரித்துவிடும். ஆண்டுதோறும் இவ்வாறு செய்தால், ஒரு தலைமுறைக்குள் பெயர் மறைந்து வெறுங்கல் எஞ்சும்.

செய்யத் தக்கது எளிது. நல்ல தண்ணீரால் பாசியை நன்கு நனைத்து ஊற விடுவோம்; தேங்காய் நாரால் மெல்லத் தேய்ப்போம்; எழுத்துப் பள்ளங்களில் மூங்கில் சிம்பைப் பயன்படுத்துவோம். காரை பூசிய பகுதிக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம்; அதன் காரத்தன்மை பாசியைச் சில காலம் தடுக்கும், சுவரும் மூச்சு விடும். எழுத்துள்ள கல்லில் மட்டும் அதனைப் பூசலாகாது. கல் செதில் செதிலாக உதிர்கிறதென்றால் தொடாமல் விடுவதே மேல்.

காரைக்காலிலிருந்து கடல் கடந்து ரெயூனியனுக்கும் இந்தோ-சீனாவுக்கும் சென்றோர் பலர். அவர்களின் வழித்தோன்றல் ஒருவர் தம் முன்னோரைத் தேடி வந்தால், பதிவேட்டில் கிட்டாத பெயரும் ஒரு கல்லில் கிட்டக்கூடும். ஆகவே இவ்வாண்டு கல்லறைக்குச் செல்லும்போது ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்வோம். காலை வெயில் சாய்வாக விழும்போது மங்கிய எழுத்தும் தெளிவாகத் தெரியும். பெயரையும் ஆண்டையும் உள்ளபடி எழுதி, பிள்ளைகளை வாய்விட்டுப் படிக்கச் செய்வோம். பாசி அடுத்த மழைக்கு மீண்டும் வரும். அழிந்த பெயர் மீண்டும் வராது.