விழாக் காட்சிகளைக் குறைவின்றி வட்டில் ஏற்றும் முறை

கல்லூரியொன்றின் வாழ்வில் விழாக்கள் வந்து கழிவன. அவற்றின் நினைவோ நெடுநாள் நிற்பது. முன்னாளில் அந்நினைவைத் தாங்கி நின்றவை மலர்களும் ஒளிப்படங்களுமே. இக்காலத்தில் பரிசளிப்பு விழா, நாடகம், குருபூசை, துடுப்பாட்டம் ஆகிய யாவும் காணொளியாகப் பதியப்பட்டுக் கணினிக் கோப்புகளாய் வன்தட்டிலும் கைத்தொலைபேசியிலும் தங்கிவிடுகின்றன. கணினியோடு பழக்கமில்லாத மூத்த பழைய மாணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் தத்தம் இல்லத்துத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து அவற்றைக் காண விரும்பின், அவர்க்கு எளிதான சாதனம் டி.வி.டி. வட்டேயாகும். ஆயினும் அவ்வாறு ஆக்கப்பெறும் வட்டுகள் பலவற்றில் முகங்கள் கலங்கியும், அசைவுகள் நடுங்கியும், ஒலி உதட்டசைவோடு பொருந்தாதும் காணப்படுகின்றன. சில வட்டுகள் இயங்குவதேயில்லை. இக்குறைகள் எவ்வாறு நேர்கின்றன, அவற்றுள் எவை தவிர்க்கத்தக்கன என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

முதற்கண் ஓர் உண்மையைத் தெளிதல் வேண்டும். கோப்பை வட்டிற் பிரதி செய்தல் வேறு; கோப்பிலிருந்து டி.வி.டி. ஆக்குதல் வேறு. எம்.பி.4 போன்ற கோப்பொன்றை உள்ளபடியே வட்டில் எழுதினால் அது கணினியிற் திறக்கும், பழைய டி.வி.டி. பிளேயரோ அதனை அறியமாட்டாது. டி.வி.டி. 1996 ஆம் ஆண்டில் யப்பானில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. அதன் விதிகள் அக்காலத்துத் தொலைக்காட்சிக்கு ஏற்ப வகுக்கப்பட்டவை. காட்சி எம்பெக்-2 என்னும் முறையிற் சுருக்கப்பட்டிருத்தல் வேண்டும், ஒலி செக்கனுக்கு 48,000 மாதிரி என்னும் அளவில் அமைதல் வேண்டும், இவ்விரண்டும் வி.ஓ.பி. கோப்புகளாகக் கோக்கப்பட்டு, வழிகாட்டும் ஐ.எப்.ஓ. கோப்புகளுடன் 'வீடியோ ரி.எஸ்.' என்னும் பெயருடைய கோப்புறையுள் வைக்கப்படல் வேண்டும். இவ்வொழுங்கைக் காணாத பிளேயர் வட்டை வெளியே தள்ளிவிடும்.

இனி, தரம் குறையாமல் மாற்ற முடியுமா என்னும் வினாவை எடுத்துக்கொள்வாம். இன்றைய கைத்தொலைபேசியும் படக்கருவியும் பெரும்பாலும் 1920க்கு 1080 என்னும் அளவிற் படம் பிடிக்கின்றன. ஒரு படத்தில் அமையும் புள்ளிகள் 20,73,600 ஆகும். எம்நாட்டுத் தொலைக்காட்சிக்குரிய பி.ஏ.எல். முறையில் டி.வி.டி.யின் அளவு 720க்கு 576. அஃதாவது 4,14,720 புள்ளிகள். கணக்கிட்டுப் பார்ப்பின், ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே எஞ்சுகின்றது. எந்த மென்பொருளும், எந்த வல்லுநரும் இவ்விழப்பைத் தடுத்தல் இயலாது. ஆகவே, சிறிதும் தரம் குறையாமல் டி.வி.டி. ஆக்கித் தருவோம் என்பாரது கூற்றை அப்படியே ஏற்றல் தகாது. இழப்பு இருவகைப்படும்: வட்டின் இயல்பால் நேர்வது ஒன்று, செய்வார் கவனக்குறைவால் நேர்வது மற்றொன்று. முன்னையதை ஒப்புக்கொண்டு பின்னையதை முற்றாக ஒழித்தலே இத்தொழிலின் திறமாகும்.

இதற்கு விலக்கான நிலையும் உண்டு. மூலக்கோப்பு முன்னரே டி.வி.டி. விதிக்கு அமைந்த எம்பெக்-2 ஆக இருப்பின், அதனை மீண்டும் சுருக்காமல் உள்ளவாறே வட்டின் ஒழுங்கிற் கோத்துவிடலாம். அப்போது ஒரு புள்ளியும் மாறுவதில்லை. கணினி மென்பொருளிற் 'பிரதி செய்க' என்னும் தெரிவு இதற்கென்றே அமைந்தது. அதனைக் கவனியாது மறுபடியும் சுருக்குவோர் தேவையற்ற நட்டத்தைத் தேடிக்கொள்கின்றனர்.

கவனக்குறைவால் நேரும் இழப்புகளுள் முதன்மையானது மூலத்தைத் தேர்வதில் நிகழ்வது. ஒருவர் பிடித்த காட்சி வாட்ஸ்அப் வழியாகப் பலர் கைமாறி வரும்போது அது சுருக்கப்பட்டே வருதல் வழக்கம். அதனைக் கொண்டு வட்டு ஆக்கினால், சுருங்கியதை மீண்டும் சுருக்கியதாகும். ஏட்டுச்சுவடிகளைப் பெயர்த்தெழுதியோர் வரலாற்றை யாழ்ப்பாணத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பெயர்த்தெழுதுந்தோறும் பிழை பெருகியதாலன்றோ 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றார் பல சுவடிகளைத் தேடி ஒப்புநோக்க நேர்ந்தது! காணொளிக்கும் அந்நியதியே பொருந்தும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். ஆதலின் படக்கருவியின் நினைவட்டையிலிருந்து நேரே பெற்ற கோப்பையே மூலமாகக் கொள்க.

இரண்டாவது, வட்டின் கொள்ளளவைப் பற்றியது. சாதாரண வட்டு 4.7 கிகாபைற்று கொள்ளும்; இருபடை வட்டு 8.5 கிகாபைற்று கொள்ளும். ஒரு செக்கன் காட்சிக்கு எத்தனை பிற்று ஒதுக்கப்படுகின்றது என்பதே படத்தின் தெளிவை நிருணயிப்பது. இதனை எவரும் தாமே கணித்துக்கொள்ளலாம். 4.7 கிகாபைற்றை எட்டாற் பெருக்க 37,600 மெகாபிற்று வரும். ஒழுங்கமைப்புக்கும் காப்புக்குமாகச் சிறிது நீக்கி 36,000 எனக் கொள்வாம். அதனை நிகழ்ச்சியின் செக்கன்களால் வகுக்க வேண்டியதே. ஒரு மணி நேரத்துக்கு 3,600 செக்கன், விடை 10. ஒன்றரை மணி நேரமாயின் 6.7, இரண்டு மணி நேரமாயின் 5, மூன்று மணி நேரமாயின் 3.3. இதில் ஒலிக்குரிய பங்கையும் கழித்தல் வேண்டும்.

விதிப்படி காட்சிக்கு 9.8 மெகாபிற்று வரை ஒதுக்கலாம். ஆயினும் வீட்டில் எழுதப்பட்ட வட்டை அவ்வளவு விரைவாகப் படிக்கப் பழைய பிளேயர்கள் சில இடர்ப்படும். ஆதலால் 8க்கு மேற் செல்லாதிருத்தல் நன்று. மறுபுறம், 4க்குக் கீழே செல்லின் விளையாட்டுப் போட்டியிலும் நடனத்திலும் படம் சிறுசிறு கட்டங்களாய் உடைந்து தோன்றும். மூன்று மணி நேர விழாவை ஒரே வட்டில் அடைக்க முயல்வதே முகங்கள் கலங்குவதற்குப் பெருங்காரணம். அத்தகைய விழாவை இரண்டு வட்டாகப் பிரிக்க. அன்றேல் இருபடை வட்டைக் கொள்க. இரண்டாவது வட்டுக்குச் செலவாகும் சிறு தொகை, பேச்சாளரின் முகத்தைத் தெளிவாகக் காண்பதற்குக் கொடுக்கும் விலையாகும்.

இருக்கும் பிற்றுகளைச் செம்மையாகப் பங்கிடுதற்கு இருமுறைச் சுருக்கம் என்னும் வழி உண்டு. முதன்முறை கணினி படம் முழுவதையும் ஆராய்ந்து, எங்கே அசைவு மிகுதி, எங்கே குறைவு என்று குறித்துக்கொள்ளும். இரண்டாம் முறை அக்குறிப்பின்படி, தலைவர் நின்று பேசுமிடத்துச் சிக்கனமாகவும், மாணவர் ஆடுமிடத்துத் தாராளமாகவும் செலவிடும். நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், பயனோ வெளிப்படை.

மூன்றாவது, படங்களின் வீதம். பி.ஏ.எல். முறையிற் செக்கனுக்கு 25 படம். கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் வழங்கிய என்.ரி.எஸ்.சி. முறையில் 29.97 படம், அளவு 720க்கு 480. இவ்வேறுபாடு எம்மவர்க்கு மிக முக்கியமானது. இலங்கை, பிரித்தானியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளிற் பி.ஏ.எல். வட்டு தடையின்றி இயங்கும். ரொறன்ரோவில் வாழும் பழைய மாணவருக்கு அதே வட்டை அனுப்பின், அங்கு விற்கப்பட்ட பிளேயர்கள் பலவற்றில் அது இயங்காது. மாறாக, எம்நாட்டிற் பயன்படும் பிளேயர்களுட் பெரும்பாலன இரண்டு முறைகளையும் ஏற்பன. மூலம் 25 படமாயின் பி.ஏ.எல்.; 30 படமாயின் என்.ரி.எஸ்.சி. எனக் கொள்வது அசைவின் ஒழுக்கைக் காக்கும். இரு நாட்டார்க்கும் வேண்டுமாயின் இருவகை வட்டுகளையும் மூலக்கோப்பிலிருந்தே தனித்தனி ஆக்குக. ஒரு வட்டிலிருந்து மற்றொன்றை ஆக்கற்க. கைத்தொலைபேசிகள் ஒளியின் நிலைக்கேற்பப் படவீதத்தைக் கூட்டியும் குறைத்தும் பதிவதுண்டு. அதனை முதலிற் சீரான வீதத்துக்குக் கொணராவிடின், நிகழ்ச்சி செல்லச்செல்ல ஒலியும் உதட்டசைவும் விலகிவிடும்.

பழைய ஒளிநாடாவிலிருந்து கணினிக்கு மாற்றிய காட்சிகளை ஆள்வோர் வேறொன்றும் கருதுதல் வேண்டும். அவற்றில் ஒவ்வொரு படமும் ஒற்றைவரிகள், இரட்டைவரிகள் என இரு கூறாகப் பதியப்பட்டது. கணினித் திரையிற் சீப்பின் பல்போன்ற கோடுகள் தோன்றுவது இதனாலேயே. இதனைக் குறையென எண்ணி அக்கூறுகளைக் கலந்துவிடுவோர் பலர். டி.வி.டி. இவ்விரு கூறுகளையும் உள்ளபடி ஏற்கும் ஆற்றலுடையது. ஆகவே அவற்றை அவ்வாறே விடுக. எக்கூறு முந்தியது என்பதை மாத்திரம் சரியாகக் குறித்தல் வேண்டும். வரிசை மாறின் அசையும் பொருள் யாவும் முன்னும் பின்னுமாக நடுங்கும்.

படத்தின் வடிவையும் சுட்டுதல் அவசியம். அகலத்திரைக் காட்சிக்கு 16க்கு 9 என்றும், பழைய காட்சிக்கு 4க்கு 3 என்றும் குறிக்காவிடின், ஆள்கள் மெலிந்தோ பருத்தோ தோன்றுவர். ஒலியைப் பொறுத்தவரை, சுருக்காத ஒலி 1.5 மெகாபிற்று கொள்ளும். டொல்பி முறையிற் சுருக்கிய ஒலிக்கு 0.2 அல்லது 0.25 போதும். பேச்சு மிகுந்த நிகழ்ச்சிக்குப் பின்னையதே தகும். மிஞ்சும் பிற்றுகள் காட்சிக்கு உதவும். ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட இசை நிகழ்ச்சியாயின் முன்னையதைக் கொள்ளலாம்.

இவ்வேலைகளுக்குப் பொருள் செலவிட வேண்டியதில்லை. சுருக்குதற்கு எப்.எப்.எம்பெக், பட்டியலும் அத்தியாயங்களும் அமைத்துக் கோப்பதற்கு டி.வி.டி. ஸ்ரைலர், விண்டோஸ் கணினியில் வட்டில் எழுதுதற்கு இம்பேர்ண் ஆகிய மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. புதிய மடிகணினிகள் பலவற்றில் வட்டு எழுதும் வசதியில்லை. அவற்றுக்கு வெளியே இணைக்கும் டி.வி.டி. றைற்றர் வேண்டும். மலிவான வட்டுகளைத் தவிர்த்து நல்லனவற்றைக் கொள்க. உச்ச வேகத்தில் எழுதாது நடுத்தர வேகத்தில் எழுதுக. எழுதி முடிந்ததும் சரிபார்க்கும் தெரிவை இயக்குக. நூறு பிரதி எடுப்பதற்கு முன் முதற்பிரதியைக் கிடைக்கும் மிகப் பழைய பிளேயரில் இட்டுத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்க. வட்டின்மேற் காகிதம் ஒட்டுதலும், குமிழ்முனைப் பேனாவால் எழுதுதலும் தீது. வட்டுக்கென அமைந்த மென்முனைப் பேனாவே ஏற்றது.

இறுதியாக ஒன்று. வட்டை ஆக்கி முடித்தவுடன், இனித் தேவையில்லை என்று மூலக்கோப்பை அழித்துவிடுவாருளர். அஃது அச்சான நூல் கைக்கு வந்ததும் ஏட்டை எறிவதை ஒக்கும். வட்டில் உள்ளது ஐந்தில் ஒரு பங்கே என்பதை மறவற்க. நாளை வேறொரு சாதனம் வரும்போது, மூலம் இருந்தாலன்றி நல்ல பிரதி ஆக்க வழியில்லை. அம்மூலத்தையும் ஓரிடத்தில் மாத்திரம் வைத்தல் தகாது. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் உடன் அழிந்தமையை இச்சமூகம் அறியும். ஆகவே கல்லூரி நூலகத்தில் ஒரு வன்தட்டும், சங்கத்தின் கொழும்புக் கிளையிலோ கடல்கடந்த கிளையிலோ மற்றொரு வன்தட்டும் இருத்தல் வேண்டும். வட்டு இன்று காண்பார்க்கு. மூலம் இனி வருவார்க்கு. இவ்விரண்டையும் ஒருங்கே பேணுதல் பழைய மாணவர்க்கு உரிய கடன் என்பது எமது துணிபு.